தன் வழக்கில் தானே சாட்சி

தான் பட்ட துன்பத்தையே ஒருவன் தன் ஆராய்ச்சிக்குப் பொருளாக எடுத்துக்கொள்வானாயின், அவன் கண்ட முடிவை உலகம் நம்பலாமா? நம்பலாகாது என்பர் ஒரு சாரார். வழக்குக் கொண்டுவந்தவனே நீதிபதியின் நாற்காலியிலும் ஏறி அமர்வது முறையாகுமா என்பது அவர்கள் கேள்வி. அவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது என்பர் மற்றொரு சாரார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்ற பழமொழி அவர்களுக்குத் துணை. இவ்விரு கட்சியாரின் பேச்சையும் நான் பல காலமாகக் கேட்டு வந்திருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் இரண்டுக்கும் தலையசைத்திருக்கிறேன். தலையசைப்பது கிராணி உத்தியோகத்தில் தானே வந்து ஒட்டிக்கொள்ளும் பழக்கம். அப்பழக்கத்திற்கு ஒரு தடை நேர்ந்த கதையை இங்கே சொல்லத் துணிகிறேன்.

நான் செபராங் பிறைப் பகுதியிலுள்ள ஒரு தோட்டத்தில் வேலை பார்ப்பவன். என் தந்தையாரும் கிராணி; அவர் தந்தையாரும் கிராணி. பாட்டனார் காலத்தில் இங்கே ரப்பர் மரங்கள் நின்றன. இன்று நிற்பது செம்பனை. அன்று விடியுமுன் பெரட்டுக் களத்தில் வரிசையில் நின்றவர் நம்மவர்; இன்று நிற்பவர் வங்காள தேசத்தாரும் இந்தோனேசியரும் நேப்பாளியருமே. லயத்தில் எஞ்சியுள்ள தமிழ்க் குடும்பங்களை எண்ணுவதற்கு இரு கை விரல்கள் போதும். ஆங்கிலக் கல்வி பெற்றவனாதலின் கணக்கும் கடிதமும் எனக்கு ஆங்கிலத்திலும் மலாயிலும் நடக்கின்றன. மனக்குறை மட்டும் தமிழில் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டர்வொர்த்தில் படகேறி ஜார்ஜ் டவுன் சென்று, பினாங்கு வீதியில் ஒரு தேநீர் அருந்தி, புத்தகம் இரண்டொன்று வாங்கித் திரும்புவது என் ஒரே ஊதாரித்தனம்.

மூன்றாண்டுகளாக நான் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். தோட்டத்துக் கிராணிமாரின் வாழ்க்கை அதன் பொருள். என் பாட்டனார் அதன் நாயகர். இரவு நேரங்களில் லயத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்தவர் அவர். எழுதத் தெரியாத தொழிலாளருக்காக ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவர். இவை பொய்யல்ல, கண்டவர் இன்னும் உளர். துரைமாரின் சரித்திரம் எழுதப்பட்டுவிட்டது, தொழிலாளரின் சரித்திரமும் ஓரளவு எழுதப்பட்டுவிட்டது, நடுவில் நின்று இருபுறமும் ஏச்சு வாங்கிய கிராணியின் சரித்திரத்தை எழுத யாருமில்லையே என்ற ஆதங்கத்தால் நான் அதைத் தொடங்கினேன். நானே அவ்வினத்தைச் சேர்ந்தவன் ஆகையால் அதற்குரிய தகுதி எனக்கு உண்டு என்றும் எண்ணியிருந்தேன்.

இந்நிலையில் நம் நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆராய்ச்சி செய்யும் மாணவி ஒருவர், நிர்வாகியின் அனுமதிக் கடிதத்துடன் என் மேசைக்கு முன் வந்து நின்றார். பால்மரம் வெட்டிய பெண்களின் வாய்மொழிகளைத் தொகுப்பது அவர் எடுத்துக்கொண்ட பணி. “எங்க பாட்டியும் இந்தத் தோட்டத்துலதான் மரம் வெட்டினாங்க, அண்ணே” என்றார். தோட்டத்தின் ஒரு பாகம் விற்கப்பட்டபோது லயத்தை விட்டு வெளியேறிப் பிறையில் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோன குடும்பம் அவருடையது. அவர் பிறந்தது பட்டணத்தில்தான். எனினும் காண்டாக் கம்பு பாட்டியின் தோளில் பதித்த தழும்பைத் தடவிப் பார்த்து வளர்ந்தவர். பாட்டி காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன.

அறிஞர் கூடிய சபை ஒன்றில் தம் ஆராய்ச்சியைப் பற்றி அவர் பேசியபோது, மூத்தவர் ஒருவர் எழுந்து, “இது உம் சொந்தப் பாட்டியின் கதை, இதில் நடுவுநிலை எங்கே இருக்கிறது?” என்று வினவினாராம். இதைக் கேட்டதும் எனக்குச் சினம் மூண்டது. அவரை அப்படியே திருப்பிக் கேட்டிருக்கலாமே என்றேன். மாணவி சிரித்தார். “அவர் கேட்டதுல தப்பில்ல அண்ணே. என்னை மட்டும் கேட்டதுதான் தப்பு” என்றார்.

‘என்னை மட்டும்’ என்ற அந்தச் சொல் பல நாள் என் மனத்தில் கிடந்தது. நம்மைப் பற்றி நூறாண்டுக்கு மேலாக எழுதி வந்தவர் யாவர்? தோட்டத் துரைமார் ஓய்வுபெற்று இங்கிலாந்து சென்று தம் அநுபவங்களை நூலாக எழுதினர். தொழில் இலாகா அதிகாரிகள் ஆண்டுதோறும் அறிக்கை எழுதினர். அவர்களும் தாம் வாழ்ந்த வாழ்க்கையைத்தான் எழுதினர். தம் பங்களாத் தாழ்வாரத்திலிருந்து கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் எழுதினர். அதற்கு வரலாறு என்று பெயர் வாய்த்தது. தழும்புள்ள தோளிலிருந்து அதே காட்சியைச் சொல்ல முற்பட்டால் மட்டும் அது சொந்தக் கதை, நடுவுநிலை அற்றது என்றாகிவிடுகிறது. நடுவுநிலை என்னும் வரியை எளியவரிடம் மாத்திரம் வசூலிப்பது என்ன நியாயமோ, அறியேன்.

ஆனால் இதைக்கொண்டு வெளியார் எழுதியதெல்லாம் வீண் என்று சொல்லிவிடவும் இயலாது. மலாயா இந்தியரைப் பற்றிய பெரிய ஆராய்ச்சி நூல்களில் மூன்று 1969, 1970 ஆகிய ஈராண்டுகளில் வெளிவந்தன. ஒன்றை எழுதிய கெர்னியல் சிங் சாந்து சீக்கியர். மற்றொன்றை எழுதிய சின்னப்பா அரசரத்தினம் யாழ்ப்பாணத்தவர். மூன்றாவதை எழுதிய ரவீந்திர ஜெயின் வட இந்தியர். ஜெயின் 1962, 63-ஆம் ஆண்டுகளில் ரப்பர்த் தோட்டமொன்றில் நம்மவரோடு தங்கி, தோட்டத்தின் உண்மைப் பெயரை மறைத்து, ‘பால் மெலாயு’ என்று வேறு பெயரிட்டு எழுதினார். துரை, கிராணி, தொழிலாளி என்னும் அடுக்கை அவர் விவரித்திருக்கும் விதத்தைப் படித்தபோது எனக்கு வியப்பாயிருந்தது. நாள்தோறும் ஏறி இறங்கும் படிக்கட்டை எத்தனை படி என்று நாம் எண்ணுவதில்லை. வந்த விருந்தாளிதான் எண்ணுகிறான்.

நம்மவன் என்ற ஒன்றே உத்தரவாதமாகாது என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1936-ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய அரசாங்கம் தொழிலாளர் நிலையை ஆராய்ந்து வருமாறு வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியாரை மலாயாவுக்கு அனுப்பியது. அவர் தமிழர், நாவன்மைக்குப் பெயர் பெற்றவர், தொழிலாளரின் பாஷை அவருக்குத் தாய்மொழி. 1937-இல் வந்த அவரது அறிக்கை, ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் என்று பழைய நாட்கூலியைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்றது. கங்காணி மூலம் ஆள் சேர்ப்பது ஒழிய வேண்டும் என்றது. எனினும் மொத்தத்தில் அது தோட்டக்காரர்களுக்கு அநுகூலமாயிருக்கிறது என்று மலாயா இந்தியர் சங்கத்தார் மனம் கசந்தனர். 1938-இல் இந்திய அரசாங்கமே உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தது. சாஸ்திரியாரின் நேர்மையை நான் ஐயுறவில்லை. தமிழ் என்னும் ஒரே பாஷைக்குள் எத்தனை மாடிகள் உள என்பதைத்தான் எண்ணிப் பார்க்கிறேன்.

மாணவி எனக்கு வாசிப்பதற்கு மூன்று நூல்களைத் தந்து சென்றார். முதலாவது டாக்டர் அம்பேத்கருடைய எழுத்துக்களின் தொகுப்பு. அதிலே ஒரு சிறு ஆராய்ச்சி உண்டு. 1916-ஆம் ஆண்டு மே 9-ஆம் நாள், நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில், கோல்டன்வைசர் என்னும் மானிடவியல் அறிஞரின் வகுப்பில் அது படிக்கப்பட்டது. அப்போது அம்பேத்கருக்கு வயது 25. இந்தியாவில் ஜாதிகள் தோன்றிப் பரவிய வகையே பொருள். செனார், நெஸ்ஃபீல்டு, ரிஸ்லி, கேட்கர் ஆகியோர் ஜாதிக்குக் கூறிய இலக்கணங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதிக்கிறார். அந்த ஜாதியாருக்குப் பிறந்தவரே அதில் உறுப்பினர் என்பது ஒன்று, புறத்தே மணம் செய்யலாகாது என்பது ஒன்று, ஆக ஜாதிக்கு அடையாளம் இரண்டு என்று கேட்கர் சொல்லியிருந்தார். இரண்டல்ல, ஒன்றே என்கிறார் அம்பேத்கர். புறத்தே மணம் கூடாது என்று கதவை அடைத்துவிட்டால், உள்ளே பிறந்தவரைத் தவிர வேறு யார் அங்கே இருக்க முடியும் என்பது அவர் மடக்கு. அகமணமே ஜாதியின் உயிர். உடன்கட்டை ஏற்றுவதும், விதவைக்கு மறுமணம் மறுப்பதும், குழந்தைகளுக்கு மணம் முடிப்பதும் அவ்வுயிரைக் காப்பதற்கு எழுந்த வேலிகள் என்பது அவர் கண்ட முடிவு.

அதை இரண்டு முறை படித்தேன். ‘எனக்குத் தண்ணீர் தர மறுத்தார்கள்’ என்று ஒரு வரி எங்காவது வரும் என்று தேடினேன். வரவில்லை. அதே மனிதர் இருபதாண்டுகள் கழித்து எழுதி வைத்த நினைவுக் குறிப்புகள் வேறொரு பாகத்தில் இருக்கின்றன. அவை நூலாக வெளிவந்ததே 1990-இல்தான். அங்கே, 1901-ஆம் ஆண்டில், ஒன்பது வயதுச் சிறுவன் உடன்பிறந்தானோடும் உறவுப் பிள்ளைகளோடும் தந்தையைக் காண ரெயிலேறிச் செல்கிறான். மசூர் நிலையத்தில் இறங்குகிறார்கள். இன்ன ஜாதி என்று அறிந்ததும் நிலைய அதிகாரியின் முகம் மாறுகிறது. வண்டிக்காரர் எவரும் ஏற்ற இசையவில்லை. இரட்டிப்பு வாடகை வாங்கிக்கொண்டு, வண்டியைப் பிள்ளைகளே ஓட்டட்டும், தான் நடந்து வருகிறேன் என்று ஒருவன் ஒப்புக்கொள்கிறான். கூடையிலே உணவு இருக்கிறது. குடிக்கத் தண்ணீர் இல்லை. ஆகையால் உண்ணாமலே இரவு கழிகிறது.

தாகம் ஓரிடத்தில் இருக்கிறது. இலக்கணச் சோதனை வேறிடத்தில் இருக்கிறது. இரண்டையும் ஒரே கையே எழுதியது. தாகம் அவருக்குக் கேள்வியைத் தந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. வேறு யார் அக்கேள்வியை அவ்வளவு விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டிருப்பார்? ஆனால் விடையைத் தாகம் தரவில்லை. அகமணம் பற்றிய அவர் வாதத்தை மறுக்க விரும்புபவன், அவர் தண்ணீரின்றித் தவித்ததை மறுக்க வேண்டியதில்லை. வாதத்தையே மறுக்க வேண்டும். தம் துன்பத்தை வாதத்திற்குக் காவலாக அவர் நிறுத்தவில்லை. கேட்கரும் இந்தியரே, ஜாதிக்குள் பிறந்து ஜாதியை ஆராய்ந்தவரே; 1909-இல் அதன் சரித்திரத்தை நூலாக எழுதியவர். அவர் பிறந்தது பிராமண குலம். ஒரே வீட்டை ஒருவர் மாடியிலிருந்தும் ஒருவர் வாசலுக்கு வெளியிலிருந்தும் வருணித்தார்கள் என்று கொள்ளலாம். இருவருக்கும் அது சொந்த அநுபவந்தான்.

இரண்டாவது நூல் எம். என். சீனிவாஸ் என்னும் சமூகவியல் அறிஞர், தாம் ஆராய்ந்த கிராமத்தைப் பற்றி 1976-இல் வெளியிட்டது. மைசூரில் குடியேறிய தமிழ் ஐயங்கார் குடும்பத்தில் பிறந்தவர் அவர். ஆக்ஸ்போர்டில் படித்துத் திரும்பி, 1948-இல் மைசூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தங்கி, அதற்கு ராம்புரா என்று பெயர் மாற்றி எழுதினார். 1970-இல் அவர் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் இருந்த காலை, ஆய்வு நிலையத்துக்குத் தீயிட்டவர்களால் அவர் பல்லாண்டு உழைத்துப் பகுத்து வைத்த குறிப்புகள் எரிந்துபோயின. பின்னர் நினைவைத் துணைகொண்டு அந்நூலை எழுதி முடித்தார். தீயின் கதை பலருக்குத் தெரியும். என்னை நிறுத்தி வைத்தது வேறொன்று. கிராமத் தலைவர் வீட்டைச் சேர்ந்த இடத்தில் அவர் குடியிருந்தார். பிராமணர் எப்படி நடக்க வேண்டுமோ அப்படியே அவர் நடக்க வேண்டும் என்று தலைவர் எதிர்பார்த்தார். அதனால் தீண்டப்படாதார் குடியிருப்புக்கும் முஸ்லிம்கள் வீடுகளுக்கும் அவர் தாராளமாகப் போய்வர இயலவில்லை. தாம் கண்டது மேல்ஜாதியார் கண்ட கிராமமே என்பதை அவரே நூலில் ஒப்புக்கொள்கிறார். ஆராய்ச்சியாளன் நடுவுநிலையாக நிற்க விரும்பினாலும், எங்கே நிற்கலாம் என்பதை ஊர் முன்னமே முடிவு செய்து வைத்திருக்கிறது.

என் விஷயத்திலும் அப்படியே முடிவு செய்து வைத்திருந்தது. இனி அதைச் சொல்ல வேண்டும்.

லயத்தின் கோடி வீட்டில் எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் இருக்கிறார். பதினாறாம் வயது முதல் பால்மரம் வெட்டியவர். மாணவியை நானே அழைத்துச் சென்று அறிமுகம் செய்வித்தேன். மூதாட்டி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மாணவி கேட்ட கேள்விகளுக்கெல்லாம், “அப்பல்லாம் நல்லாத்தான் இருந்துச்சி ஆயி. தொரையும் நல்லவரு, கிராணி ஐயாவும் நல்லவரு” என்பதே விடை. அரை மணி நேரம் இவ்வாறே சென்றது. மாணவி என்னை ஒரு முறை நோக்கினார். எனக்கு அலுவலகத்தில் வேலையிருப்பதாகச் சொல்லிப் புறப்பட்டேன். அதன்பின் இரண்டு மணி நேரம் அவர் பேசினாராம். நடுவுநிலை பற்றி அவ்வளவு கேள்வி கேட்ட பெரியவர், அந்த அரை மணியையும் இரண்டு மணியையும் அருகருகே வைத்துக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

அடுத்த மாதம் ஜார்ஜ் டவுனில், நான் வழக்கமாகத் தேநீர் அருந்தும் கடையில், மாணவி என்னைச் சந்தித்தார். அவர் முகம் வாடியிருந்தது. ஒலிப்பதிவில் ஒரு பகுதியை நான் கேட்க வேண்டும் என்றார். மூதாட்டியின் சம்மதத்தைப் பெற்றுவிட்டதாகவும் சொன்னார். “அந்தப் புள்ள கேக்கட்டுமே ஆயி, நான் என்ன பொய்யா சொன்னேன்” என்றாராம் அம்மூதாட்டி.

கேட்டேன். கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு மரம் வெட்டப் போன நாட்களைப் பற்றிய பேச்சு அது. நடுவில் வந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துத் திரும்பினால் நேரம் தவறிவிடும். நேரம் தவறினால் கிராணி செக்ரோலில் அரை நாள் போட்டுவிடுவார். “புள்ளைக்குப் பாலு குடுத்தா மரத்துப் பாலுக்குக் காசு இல்ல” என்று மூதாட்டி சொல்லிச் சிரிப்பது கேட்கிறது. பின்னர்க் குரலைத் தாழ்த்தாமலே தொடர்கிறார்: எல்லாருக்கும் அப்படியில்லை, கிராணி வீட்டு வாசல் கூட்டி, துணி துவைத்து, மாவிடித்துக் கொடுத்த ஒருத்திக்கு மட்டும் எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும் முழு நாள் விழும். “அது யாருங்கிற? உங்க பாட்டிதான் ஆயி.”

அந்தக் கிராணி என் பாட்டனார்.

எவ்வளவு நேரம் நாங்கள் பேசாதிருந்தோம் என்று நினைவில்லை. முதலில் வாய் திறந்தவர் மாணவிதான். பாட்டி, கிராணி வீட்டில் வேலை செய்ததைத் தம் வீட்டாரிடம் பல முறை சொல்லியிருக்கிறாராம். வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார்: விடியற்காலை முதல் மரம் வெட்டி, பால் சுமந்து, உடம்பு ஓய்ந்த பிறகு, கூலியில்லாமல் ஐயா வீட்டுப் பாத்திரம் துலக்கிய அவமானமாக. அது சலுகை என்று ஒரு நாளும் அவர் சொன்னதில்லை. அடுத்த லயத்துப் பெண்களுக்கோ அது சலுகையன்றி வேறல்ல. தம் அரை நாளின்மேல் கட்டிய சலுகை. மாணவியின் ஆராய்ச்சி முழுவதும் பாட்டியின் அவமானத்தை விதையாகக் கொண்டு முளைத்தது. அந்த விதையின் மறுபுறத்தை அவருக்குக் காட்டியது, அதே துன்பத்தைப் பட்ட மற்றொரு பெண்ணின் வாய்.

துன்பப்பட்டவனுக்கே உண்மை தெரியும் என்று சொல்வது எளிது. துன்பப்பட்டவர் இருவராயிருந்து, இருவரும் பொய் சொல்லாதவராயிருந்து, இருவர் சொல்லும் வேறுபட்டால் என் செய்வது? தன் சொந்த அநுபவத்தை ஆராய்பவனுக்கு நேரும் உண்மையான சோதனை, வெளியிலிருந்து யாரோ எழுந்து நடுவுநிலை எங்கே என்று கேட்பதன்று. அதற்கு விடை சொல்லிவிடலாம். தன் வரிசையில் தனக்குப் பக்கத்தில் நின்றவள், ‘உன் பாட்டிக்கு முழு நாள் விழுந்தது’ என்று சொல்லும்போது பேனா நிற்குமா ஓடுமா என்பதே சோதனை.

மறுநாள் அலுவலகத்துப் பின்கட்டில் பூட்டிக் கிடக்கும் பழைய செக்ரோல் புத்தகங்களைத் தேடினேன். கறையான் தின்றது போக எஞ்சியவற்றில் 1964-ஆம் ஆண்டுக்குரியது ஒன்று கிடைத்தது. பாட்டனாரின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். வீட்டில் எங்களுக்கெல்லாம் அதைக் காட்டி எழுதச் சொல்வார்கள். ஒரு மாதத்துப் பக்கத்தில் மூதாட்டியின் பெயருக்கு நேரே பதினோரு அரை நாட்கள். மாணவியுடைய பாட்டியின் பெயருக்கு நேரே ஒன்றுகூட இல்லை. அடியில் பாட்டனாரின் கையொப்பம். அந்தப் பக்கம் அவ்வளவுதான் சொல்கிறது. அரை நாள் போடுமாறு துரை கட்டளையிட்டாரா, கட்டளைக்குள்ளே இரக்கம் காட்ட இடமிருந்ததா, இருந்த இரக்கத்தை வாசல் கூட்டியவளுக்கு விற்றாரா, அல்லது தம் மனையாளின் சொல்லுக்கு இணங்கினாரா, இவற்றில் எதையும் எண்கள் சொல்லமாட்டா. மனித வாய் இன்றி அப்பக்கத்தைப் படிப்பவன் மூதாட்டியைச் சோம்பேறி என்றே எழுதியிருப்பான். நானும் அப்படித்தான் படித்திருப்பேன். மூன்றாண்டு ஆராய்ச்சியில் அப்புத்தகத்தை ஒரு முறை புரட்டியதும் உண்டு. அப்போது கையெழுத்தின் அழகு மட்டுமே கண்ணில் பட்டது.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர் பெரிய வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளை நான் என் கட்டுரையில் பெருமையுடன் எடுத்து எழுதியிருந்தேன்: சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குத் தக்க கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல், பேசவும் கூடவும் உரிமை. துரைமாரைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று. செக்ரோலை மூடி வைத்துவிட்டு என் கையெழுத்துப் பிரதியை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். அக்கோரிக்கையை நான் அரைகுறையாகப் படியெடுத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. ஐரோப்பியத் துரைமார் முன்னும் ஆசியச் சிப்பந்திகள் முன்னும் சைக்கிளில் ஏறிச் செல்ல உரிமை வேண்டும் என்றே அவர்கள் கேட்டனர். ஆசியச் சிப்பந்தி என்றால் வேறு யார்? பெண்களிடம் தகாத முறையில் நடப்பது நிற்க வேண்டும் என்ற மற்றொரு கோரிக்கையில் ஐரோப்பியரோடு ‘கறுப்பு ஐரோப்பியர்’ என்றும் ஒரு சொல் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதை நான் எடுத்தெழுதவே இல்லை. வேண்டுமென்று விட்டேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். வேண்டுமென்று விட்டதாக நினைவில்லை. கண் தானாகவே தாண்டிச் சென்றிருக்கிறது, அதுதான் அச்சமூட்டுகிறது.

மாணவி தந்த மூன்றாவது நூலை இதன் பிறகே நான் திறந்தேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நால்வர் சேர்ந்து எழுதிய ‘முறிந்த பனை’. அவர்களுள் ஒருவர் ரஜனி திராணகம. உடற்கூற்றியல் துறையின் தலைவராயிருந்த மருத்துவர். தாம் வாழ்ந்த ஊரில், தம் கண்முன் நடந்த போரை, அந்நால்வரும் ஆராய்ந்தனர். இலங்கை அரசின் படை செய்த கொடுமையை எழுதினர். 1987-இல் வந்திறங்கிய இந்தியப் படை செய்ததையும், அதன் கையில் பெண்கள் பட்டதையும் எழுதினர். இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் தமிழுலகம் அவர்களைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியிருக்கும். நம் விடுதலைக்கென்று ஆயுதமெடுத்த இயக்கங்கள் நம்மவருக்கே இழைத்த கொடுமையையும் அதே மையில் எழுதினர். அவ்வியக்கங்களில் ஒன்றுக்கு ஒரு காலத்தில் துணை நின்றவர் ரஜனி. எனவே அவர் எழுதியது தம் பழைய நம்பிக்கையின் கணக்கையும் சேர்த்தே ஆகும். 1989 செப்டம்பர் 21-ஆம் நாள், பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35. நூல் அடுத்த ஆண்டு வெளிவந்தது.

அவ்வம்மையாரோடு என்னை ஒப்பிட்டுக்கொள்ள நான் பித்தனல்லன். எனக்கு நேரக்கூடிய கேடு, உறவினர் கல்யாண வீட்டில் முகம் கொடுக்க மாட்டார்கள் என்பது ஒன்றே. ஆயினும் பேனா நிற்கும் இடம் ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

மாணவி அப்பகுதியை விட்டுவிடவில்லை. ஒரு வாரம் உறங்கவில்லை என்றார். தம் தாயார் அழுததாகவும், “செத்துப்போன கிழவிய ஏண்டி சந்தி சிரிக்க வைக்கிற?” என்று கேட்டதாகவும் சொன்னார். முடிவில், பாட்டி வீட்டில் சொல்லியதையும் மூதாட்டி லயத்தில் சொல்லியதையும் ஒன்றன் அருகில் ஒன்றாக எழுதி, முன்னவர் தம் பாட்டி என்பதையும் மறைக்காமல் எழுதிவிட்டார். அடுத்து என்னிடம் ஒன்று கேட்டார். செக்ரோலின் அந்தப் பக்கத்தைப் படியெடுத்துச் சேர்க்கலாமா? சேர்த்தால் கையொப்பத்தை மறைத்துவிட வேண்டுமா?

பெண்களின் பெயர்களையெல்லாம் அவர் மாற்றியே எழுதுகிறார். எளியவரின் பெயரை மறைப்பது அவர்களுக்குக் காப்பு. கிராணியின் பெயரை மறைப்பது யாருக்குக் காப்பு? அதை அவர் கேட்கவில்லை; நானே கேட்டுக்கொண்டேன். என் தந்தையாரைக் கலந்து சொல்கிறேன் என்று விடை தந்தேன். அதற்குள் அவசரமில்லை அண்ணே என்று அவர் சொன்னது என்மேல் கொண்ட கருணையாலேதான் இருக்க வேண்டும்.

அந்த ஞாயிறு புத்தகத்தைத் துணியில் சுற்றி வீட்டிற்குக் கொண்டுவந்தேன். தந்தையார் ஓய்வுபெற்று ஆண்டுகள் சில ஆகின்றன. கண்ணாடி போட்டாலன்றி எழுத்துத் தெரியாது. நடந்ததைச் சொல்லிப் பக்கத்தை விரித்து அவர் முன் வைத்தேன். வெகு நேரம் பார்த்தார். விரலை வைத்து ஒவ்வோர் அரையாக எண்ணினார். பதினொன்று வந்ததும் மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

“கையெழுத்து அப்பாவோடதுதான்” என்றார்.

பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அந்த மூதாட்டி இன்னும் கோடி வீட்டில்தான் இருக்கிறாரா என்று கேட்டார்.